ஞாயிற்றுக்கிழமை மறியல்

தம்பி செத்த அன்றைக்கு பிரிசில்லாவுக்குக் கோபம் வரவில்லை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டு உடலை வாங்குவதும், சொந்த ஊர் குமராட்சிக்கு வண்டி பிடிப்பதும், கல்லறையில் இடம் கேட்டு பங்குச் சாமியாரைப் பார்ப்பதுமாக இரண்டு நாள் ஓடிவிட்டது. ஒரு வாரம் கழித்துத்தான் கோபம் வந்தது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் அவள் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாள். அங்கே, காலை பத்தரை மணிக்கு, கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது வந்தது.

அவள் தம்பி அன்பரசு, கடலூருக்குத் தெற்கே சாலையோரம் வரிசையாக நிற்கும் கெமிக்கல் கம்பெனிகளில் ஒன்றில் கான்ட்ராக்ட் கூலி. மார்ச் ஆறாம் தேதி மதியம் உள்ளே ஏதோ குழாய் பிய்த்துக்கொண்டு, புகை அவன் மேல் அடித்திருக்கிறது. மூன்று நாள் மூச்சுக்குத் தவித்து இறந்தான். கம்பெனி வேறு கதை சொன்னது. அன்பரசு அன்றைக்கு வேலைக்கே வரவில்லை, கேட்டுக்கு வெளியே சாலையில் மயங்கி விழுந்து கிடந்தவரை மனிதாபிமானத்தோடு எங்கள் வண்டியில் ஏற்றி அனுப்பினோம் என்றது. போலீஸும் அதையே எழுதிக்கொண்டு, சந்தேக மரணம் என்று ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பியது.

கடலூர் வக்கீல் ராஜமாணிக்கம் வழக்குக்காக கம்பெனியின் பதிவு அலுவலக விலாசம் கேட்டிருந்தார். அதைத் தேடித்தான் அவள் கம்பெனியின் வெப்சைட்டைத் திறந்தாள். மஞ்சள் ஹெல்மெட் போட்ட நான்கு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கீழே கொட்டை எழுத்தில், விபத்து இல்லாத நாட்கள் 1,421 என்று இங்கிலீஷில் ஓடிக்கொண்டிருந்தது.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். அன்பரசு விழுந்த அன்றைக்கு அது 1,411 ஆக இருந்திருக்கும். அவன் செத்த அன்றைக்கு 1,414. அவனைக் குழியில் இறக்கிய நாளையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள்.

மறுநாள் கடை திறந்ததும் முதல் வேலையாக அதைத்தான் பார்த்தாள். 1,422. பிரிண்ட் எடுத்து மேஜை டிராயரில் போட்டாள். அதற்கு அடுத்த நாள் 1,423. அதுவும் டிராயருக்குள் போனது. இப்படியே தினமும். வேறெதையும் அவள் பார்க்கவில்லை. அந்த ஒரு எண், அதில் கூடுகிற ஒன்று, அவ்வளவுதான். வெட்டு வெட்டென்று பேச ஆரம்பித்தாள். ரிசல்ட் பார்க்க வந்த பெண்ணிடம் சத்தம் போட்டாள். ஜெராக்ஸ் மெஷினின் மூடியை அறைந்து அறைந்து சாத்தினாள்.

ராஜமாணிக்கத்திடம் போய்க் கேட்டால், மனு போட்டிருக்கிறது, தொழிற்சாலை ஆய்வாளர் வரணும், அறிக்கை வரணும், அவசரப்படாதீங்கம்மா என்றார். கேட்டுக்கு உள்ளேதான் விழுந்தான் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும், அது கிடைத்தால் போதும் என்றார். கூட வேலை செய்தவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் மறுநாள் வேலை இருக்காது.

ஹாமித் அவளுடைய கடைக்கு ஆறு மாதமாக வந்துகொண்டிருந்தவன். பரங்கிப்பேட்டைக்காரன், வயது இருபத்தொன்பது. துபாயில் நான்கு வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு வந்து அடுத்த விசாவுக்காகக் காத்திருந்தான். ஊரில் லைன் சரியில்லை என்று இங்கே வந்து, ஜவுளிக்கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பான். ஒருநாள் அவள் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகமும் கறுத்தது.

இதை நிறுத்திவிடலாம் அக்கா என்றான்.

எப்படி என்றாள். அவன் சொன்னதில் பாதிதான் அவளுக்குப் புரிந்தது. உள்ளே நுழைய வேண்டாம், எதையும் திருட வேண்டாம். ஒரே நேரத்தில் கணக்கில்லாத ஆட்கள் கதவைத் தட்டுவது மாதிரி செய்தால், பதில் சொல்ல முடியாமல் அது விழுந்துவிடும். வெளிநாட்டில் எல்லாம் இதைப் போராட்டமாகவே நடத்துகிறார்கள், பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் தனக்குத் தெரிந்த பையன்கள் இருக்கிறார்கள், அவர்களும் சேர்ந்துகொள்வார்கள் என்றான்.

"இது தப்பில்லையா தம்பி?"

"ரோட்டுல உட்காந்து பஸ்ஸ மறிக்கிறோமே, அது தப்பா? அதுவும் சட்டப்படி தப்புதான். ஆனா எல்லாரும் பண்றோம். இதுவும் மறியல்தான் அக்கா. ரோடுதான் வேற."

அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்துப்போனது. அவள் அப்பா கூலி உயர்வுக்காக சேத்தியாத்தோப்பு கூட்டுரோட்டில் மறியல் செய்தவர். இரண்டு தடவை அரெஸ்ட் ஆகி, சாயங்காலமே வெற்றிலை மென்றுகொண்டு வீட்டுக்கு வந்தவர். மறியல் என்றால் அவளுக்கு அதுதான்.

ஏப்ரல் ஒன்று குருத்தோலை ஞாயிறு. பூசை முடிந்து, கையில் இருந்த ஓலையோடு நேராகக் கடைக்கு வந்தாள். ஷட்டரை முக்கால்வாசி இறக்கினாள். ஹாமித் மூன்று நண்பர்களோடு வந்திருந்தான். அந்த வருஷம் இரண்டு மணி நேரம் கரண்ட் இருந்தால் இரண்டு மணி நேரம் இருக்காது. அன்றைக்கு இரண்டிலிருந்து நான்கு வரை உண்டு. இரண்டு அடித்ததும் பதினோரு மெஷினையும் போட்டார்கள். பெங்களூர்க்காரர்களும் அந்த நேரத்துக்கே ஆரம்பித்தார்கள். பிரிசில்லா ஓரத்து மெஷினில் உட்கார்ந்து, ஹாமித் சொன்னதைச் செய்தாள்.

இருபது நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு மஞ்சள் ஹெல்மெட்காரர்கள் வரத் தாமதமானார்கள். பிறகு அவர்கள் தலை மட்டும் வந்து, படம் பாதியில் நின்றது. இரண்டு நாற்பதுக்கு ஒன்றுமே வரவில்லை. வெள்ளைத் திரை. எண் இல்லை.

அவள் கையைக் கட்டிக்கொண்டு அந்த வெள்ளையையே பார்த்தாள். நான்கு மணிக்குக் கரண்ட் போய் இவர்கள் மெஷின் எல்லாம் அணைந்தபோது பையன்கள் சிரித்தார்கள். வெளியூர்க்காரர்கள் ராத்திரி வரைக்கும் பார்த்துக்கொள்வார்கள் என்றான் ஹாமித். நாலு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை கம்பெனி புகார் கொடுத்தது. புதன்கிழமை காலை பதினொன்றுக்கு கடலூரிலிருந்து ஜீப்பில் ஐந்து பேர் வந்து இறங்கினார்கள். தம்பி செத்து நான்கு வாரமாகியும் ஒரு கான்ஸ்டபிள் அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இதற்கு மூன்றே நாள். அவளுடைய பிராட்பேண்டின் எண்ணை வைத்தே கண்டுபிடித்திருந்தார்கள். பதினோரு மெஷினிலும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி அரக்கு வைத்தார்கள். டிராயரில் இருந்த பதினாறு பிரிண்டையும் எடுத்துக்கொண்டார்கள். எதிர்க்கடை ஜூஸ்காரர் முதற்கொண்டு சந்தே கூடி நின்று வேடிக்கை பார்த்தது.

அவளை ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோன கடலூர் மஞ்சக்குப்பம் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் ஒன்றும் கெட்டவராகத் தெரியவில்லை. நாற்காலி கொடுத்தார், டீ வாங்கிக் கொடுத்தார். யார் யார் இருந்தார்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். கடைக்கு வருகிறவர்களை எல்லாம் எனக்குத் தெரியாது என்று அவளும் திரும்பத் திரும்பச் சொன்னாள். வாடிக்கையாளர் நோட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் காலியாக இருந்தது. மறியல் செய்தோம் என்று மட்டும் ஒருதரம் அவள் வாயில் வந்துவிட்டது. அவர் பேனாவை மூடி வைத்தார்.

"ஏம்மா, ரோட்டுல உட்காந்தீங்கன்னா புடிச்சு மண்டபத்துல வச்சு, சாப்பாடு போட்டு, சாயங்காலம் அனுப்பிடுவோம். இது அப்படி இல்ல. ஐ.டி. ஆக்ட் அறுபத்தாறு. மூணு வருஷம் வரைக்கும் போவும்."

"எங்க தம்பியக் கொன்னவங்களுக்கு எத்தினி வருஷம் சார்?"

அவர் டீ டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அஜாக்கிரதைன்னு நிரூபணம் ஆனா முந்நூத்தி நாலு ஏ. ரெண்டு வருஷம். ஆனா அவுரு கேஸு அங்க வரைக்கும் இன்னும் போவலம்மா."

அவள் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். ஒரு ஆளைப் புகையில் வேக வைத்தால் இரண்டு வருஷம். ஒரு வெப்சைட்டை அரை நாள் மறித்தால் மூன்று. இந்தக் கணக்கை எந்த மகராசன் உட்கார்ந்து எழுதினான் என்று கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்டால் இந்த மனுஷனுக்குத் தெரியவா போகிறது. டீயைத் தொடவில்லை.

வியாழக்கிழமை ஜாமீனில் வந்தாள். ஹாமித்தின் போன் அணைந்திருந்தது. விசா வந்து செவ்வாய்க்கிழமையே விமானம் ஏறிவிட்டான் என்று அவன் மாமா சொன்னார். ஒரு மாதம் கழித்து ஷார்ஜாவிலிருந்து, மன்னிச்சிடுங்க அக்கா, இங்கே கேஸ் என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மெசேஜ் வந்தது. அவனைக் காட்டிக் கொடுக்கவும் மனசில்லை, மன்னிக்கவும் மனசில்லை. பதில் போடாமல் அழித்தாள்.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை கடலூர் முதுநகரில் இருந்த தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி மலர்க்கொடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து வா என்று சொல்லவில்லை. பேப்பரில் செய்தி வந்துவிட்டிருந்தது. கம்பெனி மீது சைபர் தாக்குதல், பெண் கைது. அதில் அன்பரசு செத்ததைப் பற்றி ஒரு வரி கிடையாது. தெருவில் நான்கு பேர் வந்து, உன் நாத்தனார் எதையோ திருடிவிட்டாளாமே என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

தான் செய்ததை பிரிசில்லா விளக்கினாள். எண் ஓடியதையும் சொன்னாள். மலர்க்கொடி கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"செத்தது எம் புருஷன் அண்ணி. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

மலர்க்கொடி வாசல் பக்கம் கையைக் காட்டினாள்.

"எனக்கு அந்த நம்பரு தெரியாது. எனக்குத் தெரிஞ்சது அந்த கேட்டு. அது வழியாத்தான் அவுரு உள்ள போனாரு. நீங்க ஞாயித்துக்கிழமை யார மறிச்சீங்க? அங்க எவன் இருந்தான்?"

பிரிசில்லாவுக்கு முதலில் அவள் மேல் கோபம்தான் வந்தது. இவளுக்காக நான் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்தேன், இவள் என்னைக் கேள்வி கேட்கிறாளா என்று விருட்டென எழுந்து வந்துவிட்டாள். பஸ் அந்த கேட்டைத் தாண்டியபோது ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நான்கு டேங்கர் லாரிகள் உள்ளே போக வரிசையில் நின்றன. டிரைவர் ஒருவன் இறங்கி பீடி குடித்துக்கொண்டிருந்தான். அப்பா மறித்த பஸ்களில் ஆள் இருந்தது, டிரைவர் இருந்தான், இறங்கி வந்து திட்டினான், எதுக்குய்யா என்று கேட்டான். கேட்டவனுக்குப் பதில் சொன்னார்கள். அவள் மறித்த இடத்தில் யாரும் இல்லை. எங்கோ ஒரு ஊரில் ஒரு குமாஸ்தா திங்கட்கிழமை வந்து சுவிட்சைப் போட்டிருப்பான். அவன் எதுக்கென்று கேட்கக்கூட இல்லை. ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் கோபம் மலர்க்கொடியை விட்டு இறங்கி அவள் பக்கமே திரும்பி உட்கார்ந்துகொண்டது.

ஏப்ரல் கடைசியில் மலர்க்கொடி தெருப் பெண்கள் இருபத்தாறு பேரோடு போய் அந்த கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். யாரும் கூப்பிடாமலே பிரிசில்லாவும் போனாள். ஜாமீனில் இருக்கும்போது இதெல்லாம் கூடாது என்று ராஜமாணிக்கம் தலையில் அடித்துக்கொண்டார். அதனால் கூட்டத்தில் உட்காராமல், எதிரே புளியமரத்தடியில் தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. டேங்கர்கள் மூன்று மணி நேரம் நின்றன. டிரைவர்கள் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள், பிறகு விஷயம் கேட்டார்கள், பிறகு நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு மணிக்குப் பெண் போலீஸ் வந்து ஒவ்வொருவராகத் தூக்கி வேனில் ஏற்றியது. பேர் கேட்டபோது மலர்க்கொடி சாலை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். தன் பேர், புருஷன் பேர், தெரு, அவன் செத்த தேதி. கான்ஸ்டபிள், போதும்மா போதும்மா என்று எழுதினார். முதுநகர் கல்யாண மண்டபத்தில் தக்காளி சாதம் கொடுத்து ஆறு மணிக்கு விட்டார்கள்.

மறுநாள் பொன்னுரங்கம் வந்தார். அன்பரசுவோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர், ஐம்பது வயது, இத்தனை நாளும் இவர்களைக் கண்டால் வேறு சந்தில் திரும்பிப் போனவர். அந்தப் பொம்பளையைத் தூக்கி வண்டியில் போட்டதை கேட்டுக்கு உள்ளே இருந்து பார்த்தேன், சோறு இறங்கவில்லை என்றார். எழுதிக் கொடுக்கிறேன் என்றார். ராஜமாணிக்கம் அறையில் வைத்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். காலை ஷிஃப்டுக்கு இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் போனது, குழாயில் முந்தின வாரமே கசிவு இருந்தது, சூப்பர்வைசரிடம் சொன்னது, அன்பரசு விழுந்தது, விழுந்தவனை இழுத்து வந்து கேட்டுக்கு வெளியே போட்டது. வக்கீல் எழுதிக்கொண்டே, அவன் அன்றைக்கு உள்ளே இருந்ததற்குக் காகிதம் ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"காகிதம் என்னாத்துக்கு சார். போட்டாவே இருக்கு. அன்னிக்கிப் பாதுகாப்பு வாரம்னு காலையில எல்லாரையும் நிக்க வச்சு உறுதிமொழி எடுத்தாங்க, போட்டா புடிச்சாங்க. அன்பு எம் பக்கத்துலதான் நின்னான். கம்பெனி நெட்டுலயே போட்டுருந்தாங்க. சூப்பர்வைசரு செல்லுல காமிச்சாரு, தேதியோட."

ராஜமாணிக்கம் பிரிசில்லாவைப் பார்த்தார்.

பதினாறு நாள் அந்த வெப்சைட்டைத் திறந்திருக்கிறாள். பதினாறு நாளும் முதல் பக்கத்தோடு மூடியிருக்கிறாள். உள்ளே இன்னும் ஒரு பக்கம் தள்ளி தம்பி ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்திருக்கிறான். ஒரு கிளிக். அதைச் செய்யாமல், அவன் நின்ற இடத்தையே பதினோரு மெஷினை வைத்து இடித்துத் தள்ளியிருக்கிறாள். தாக்குதலுக்குப் பிறகு கம்பெனி புதிதாகப் போட்ட வெப்சைட்டில் எண்ணும் இல்லை, படங்களும் இல்லை. வக்கீல் முறைப்படி கேட்டு எழுதினார். ஏப்ரல் முதல் தேதி நடந்த சட்டவிரோதத் தாக்குதலில் பழைய பதிவுகள் அனைத்தும் அழிந்துவிட்டன என்று மூன்றே வரியில் பதில் வந்தது. அப்படியெல்லாம் அழியாது என்று அவளுக்குத் தெரியும். யாரும் உள்ளே நுழையவில்லை, எதையும் தொடவில்லை. பொய். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்ல அவர்கள் கையில் காரணத்தை எடுத்துக் கொடுத்தது அவள். அந்தக் கடிதத்தைப் படித்த அன்றைக்கு அவள் கடையில் டிஸ்க் இல்லாத மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்து, தன்னைத்தானே அறைந்துகொள்ளாத குறையாக இருந்தாள்.

படம் இல்லாவிட்டாலும் பொன்னுரங்கத்தின் வாக்குமூலம் நின்றது. அவருக்கு வேலை போனது. ஆனால் அவரைப் பார்த்துத் துணிந்து இன்னும் இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள். ஆகஸ்டில் சந்தேக மரணம் என்ற தாள் கிழிந்து, மேனேஜர் மேலும் சூப்பர்வைசர் மேலும் முந்நூற்று நான்கு ஏ ஆனது.

பிரிசில்லாவின் வழக்கு டிசம்பரில் வந்தது. ராஜமாணிக்கம் வழி சொல்லியிருந்தார். கடை பொதுக்கடை, யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்திருக்கலாம், எனக்கு ஒன்றும் தெரியாது என்று நில்லுங்கள், அவர்களால் நிரூபிக்க முடியாது, இழுத்து இழுத்து விட்டுவிடும் என்றார். முந்தின நாள் வரை அவளும் சரி என்றுதான் இருந்தாள். கூண்டில் ஏறி, நீலச் சேலை கட்டிய மாஜிஸ்ட்ரேட் அம்மா குற்றத்தை வாசித்துக் காட்டி ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டபோது, அந்த ஒன்றும் தெரியாது என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. அன்பரசு வேலைக்கே வரவில்லை என்று கம்பெனி சொன்னதும் இதே மாதிரி ஒரு வார்த்தைதான்.

"நான்தான் பண்ணேன். எந் தம்பி செத்த அன்னிக்கும் விபத்து இல்லன்னு எண்ணிக்கிட்டு இருந்தாங்க. அந்த எண்ணுறத நிறுத்தணும்னு பண்ணேன். அதனால எங்களுக்கு நஷ்டந்தான். ஆனா பண்ணது நான்தான்."

ராஜமாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டார். மாஜிஸ்ட்ரேட் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அந்த எண்ணைப் பற்றி இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். யாருடைய சொத்தையும் எடுக்கவில்லை, யாரும் காயப்படவில்லை, ஆனாலும் சட்டம் இதைப் போராட்டமாக ஏற்கவில்லை, குற்றமாகத்தான் சொல்கிறது என்றார் அவர். அபராதமும், கோர்ட் கலையும் வரை காவலும் விதித்தார். அபராதத்தைக் கட்டிவிட்டு, ஒரு பெண் கான்ஸ்டபிள் பக்கத்தில் உட்கார, அவள் பின்பெஞ்சில் உட்கார்ந்தாள். மூன்று வருஷம் என்று பயமுறுத்தியது அரை நாளில் முடிந்தது. நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். இல்லை.

மதியம் மூன்று மணிக்கு அன்பரசுவின் வழக்கைக் கூப்பிட்டார்கள். அதே கோர்ட், அதே மேஜை. மலர்க்கொடி முன்வரிசையில் எழுந்து நின்றாள். மேனேஜரின் பேரை டவாலி வாசலில் நின்று மூன்று தரம் கூவினார். யாரும் வரவில்லை. கறுப்புக் கோட்டில் ஒருவர் வந்து, என் கட்சிக்காரருக்கு முதுகுவலி, பம்பாயில் சிகிச்சை என்று ஒரு மனுவை நீட்டினார். பிப்ரவரி பதினெட்டு என்று எழுதினார்கள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

பிரிசில்லா எழுந்துவிட்டாள். கான்ஸ்டபிள் புடவைத் தலைப்பைப் பிடித்து, உட்காருங்கக்கா, கோர்ட் கலையல என்றாள். தண்டனை வாங்கியவள் இங்கே இருக்கிறாள், அவன் எங்கே என்று கேட்க வாயைத் திறந்தபோது, மலர்க்கொடி திரும்பிப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஏழெட்டு மாதமாக இருவரும் தேவைக்கு மேல் பேசிக்கொண்டதில்லை. மலர்க்கொடி பெஞ்சுகளைத் தாண்டி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பதினெட்டாம் தேதி மறுபடியும் எல்லாரையும் கூட்டிக்கிட்டு வருவேன் அண்ணி. இந்த வராண்டா கொள்ளாத அளவுக்கு. நீங்க கடைய மூடிட்டு வாங்க."

கோர்ட் ஐந்தரைக்குக் கலைந்தது. அதுவரை இருவரும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.